மெஷ் வைஃபை வாங்கியும் மாடியில் நெட் சுத்துதா? யூனிட்டை விடுங்க, வயரைப் பாருங்க!

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் தெருக் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, ஜன்னல் ஓரமாக ஒரு துளை போட்டு, டிவிக்குப் பக்கத்தில் மோடத்தை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருக்கு அதுதான் குறைந்த வேலை. ஹாலில் உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 300 மெகாபிட் பிளானுக்கு 290 காட்டும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்று ராத்திரி மாடி ரூமில்தான் விஷயம் தெரியவரும். ஆபீஸ் மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்கும், ஆன்லைன் கிளாஸில் வாத்தியார் பாதி வார்த்தையில் காணாமல் போவார்.

அடுத்து பலரும் கைவைப்பது மெஷ் வைஃபையில். ஒரே பெட்டியில் இரண்டோ மூன்றோ வெள்ளை டப்பாக்கள் வரும். ஒன்றை மோடத்தோடு இணைத்து, மற்றவற்றை ஆளுக்கொரு ரூமில் வைத்தால் வீடு முழுக்க ஒரே வைஃபை பெயர். போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். ஆனால் வீடியோ என்னவோ சுத்திக்கொண்டேதான் இருக்கும். "இன்னொரு யூனிட் சேர்த்தா சரியாயிடும்" என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளில் சரியாகாது. சில சமயம் இன்னும் மோசமாகும். அங்கே குறைவது யூனிட்டுகளுக்கு நடுவே ஓட வேண்டிய ஒரு லேன் வயர். இதைத்தான் 'வயர்டு பேக்ஹால்' என்கிறார்கள்.

முழு சிக்னல், பாதி வேகம் – எப்படி?

போனில் தெரியும் சிக்னல் கோடு, போனுக்கும் பக்கத்தில் இருக்கும் மெஷ் யூனிட்டுக்கும் இடையிலான கதையை மட்டும்தான் சொல்கிறது. அந்த யூனிட்டுக்கும் ஹாலில் இருக்கும் மெயின் யூனிட்டுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பது போனுக்குத் தெரியாது. அந்தப் பின்பக்கப் பாதைக்குப் பெயர்தான் பேக்ஹால். வயர் எதுவும் போடாவிட்டால் அந்தப் பாதையும் வைஃபைதான்.

விலை குறைந்த மெஷ் செட்டுகள் பெரும்பாலும் 'டூயல் பேண்ட்' வகை. அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ, 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ. மாடி யூனிட் தன் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவால் மெயின் யூனிட்டிடமிருந்து டேட்டாவை வாங்குகிறது. அதே ரேடியோவால், அதே சேனலில், திரும்ப போனுக்குக் கொடுக்கிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வரிசையில் நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுகிறவரைப் போல, வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. ஒரே டேட்டா காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்றாவது யூனிட் இரண்டாவதைப் பிடித்துத் தொங்கினால் மூன்று முறை. கூடுதல் யூனிட் சில வீடுகளில் நிலைமையைக் கெடுப்பது இதனால்தான்.

'டிரை பேண்ட்' என்று விற்கப்படும் விலை உயர்ந்த செட்டுகளில் பேக்ஹாலுக்கென்றே தனி ரேடியோ ஒதுக்க முடியும். உதவும்தான். ஆனால் அந்த ரேடியோ அலையும் அதே சுவரைத்தான் தாண்ட வேண்டும்.

சுவர் விஷயத்தில் நம்ம ஊர் வீடுகள் வைஃபைக்கு இரக்கம் காட்டுவதில்லை. வெளிச்சுவர் 9 இன்ச் செங்கல், மாடிக்கு நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீட்டில் சோதித்துப் பார்த்து "இத்தனை சதுர அடி கவர் ஆகும்" என்று பெட்டியில் அச்சடித்த எண்ணை இங்கே அப்படியே நம்ப முடியாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரை ஊடுருவுவதில் 2.4-ஐ விடச் சோடை. கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது அது நன்றாகவே இளைத்துவிடும்.

யூனிட்டை எங்கே வைப்பது என்பதிலும் வயர் பெரிய வித்தியாசம் செய்கிறது. வயர் இல்லாத மெஷ்ஷில், துணை யூனிட்டை நெட் வராத ரூமுக்குள் வைக்கக் கூடாது. அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காது. பாதி வழியில், மாடிப்படி மாதிரி ஓரிடத்தில் வைக்க வேண்டும். அப்போது ரூமுக்குள் வருவது மிச்சம் மீதி சிக்னல்தான். லேன் வயர் இருந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. எந்த ரூமில் வேலை நடக்கிறதோ, அந்த ரூமுக்குள்ளேயே யூனிட்டை வைத்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 800 சதுர அடி அபார்ட்மென்ட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மோடத்தை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், உயரமாக ஓரிடத்தில் மாட்டச் சொன்னாலே பல நேரங்களில் போதும். புது இணைப்பு கொடுக்க வரும் அன்றைக்கே கேட்டால் கூடுதல் செலவுகூட இருக்காது. மெஷ்ஷும் வயரும் மாடி வீட்டுக்கும் நீளமான வீட்டுக்கும் ஆன சமாச்சாரம்.

முதலில் ஒரு நாள் வெள்ளோட்டம்

சுவரைக் கொத்துவதற்கு முன் ஒரு சோதனை. தெரிந்தவர்களிடம் 20 அல்லது 30 மீட்டர் ரெடிமேட் லேன் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, மாடிப்படி வழியாகச் சும்மா தரையில் விட்டு, கீழே மெயின் யூனிட்டிலும் மேலே துணை யூனிட்டிலும் சொருகிப் பார்க்கலாம். வழக்கமாகத் தொல்லை வரும் சாயங்கால நேரத்தில் மேலே ஸ்பீடு டெஸ்ட் போட வேண்டும். எண் சட்டென்று ஏறினால், குறை பேக்ஹாலில்தான் இருந்தது. ஏறவே இல்லை, ஹாலிலும் அதே மந்தம்தான் என்றால், பிரச்சினை வீட்டுக்கு வெளியே, இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பக்கம். அதற்கு வீட்டுக்குள் எத்தனை வயர் இழுத்தும் பலன் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இந்த ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிவிடலாம்.

வயர் எந்த வழியாகப் போகும்?

பலர் பின்வாங்குவது இங்கேதான். "மறுபடியும் சுவரைக் கொத்தணுமா? பெயின்ட் அடிச்சு ஆறு மாசம்கூட ஆகலையே!"

பெரும்பாலான வீடுகளில் கொத்தாமலே ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து ஹாலுக்கு இறங்கும் டிடிஎச் கேபிள், சுவருக்குள் ஒரு பிவிசி பைப் வழியாகத்தான் வருகிறது. பழைய வீடானால் லேண்ட்லைன் போனுக்குப் போட்ட பைப்பும் உண்டு. டிவியே இப்போது நெட்டில் ஓடுவதால், அந்த டிடிஎச் கேபிள் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதன் ஒரு முனையில் லேன் கேபிளை இறுக்கமாக டேப் சுற்றிக் கட்டி, மறுமுனையில் ஒருவர் மெதுவாக இழுத்தால், பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். கனெக்டர் போடாத வெறும் வயராக இழுக்க வேண்டும். கனெக்டர் தலை பைப் வளைவில் மாட்டிக்கொள்ளும். வளைவில் சிக்கினால் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது, உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்ட கம்பிகள் நீண்டு கெட்டுவிடும். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு இது புதிய வேலையே இல்லை.

ஆனால் அதே எலக்ட்ரீஷியன், "கரண்ட் பைப்லயே விட்டுடலாம் சார், இடம் இருக்கு" என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது. லேன் கேபிளின் மேலுறை 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பைப்புக்குள் மின் வயரின் உறை எங்காவது உரிந்திருந்தால், கரண்ட் லேன் கேபிள் வழியாக ரவுட்டருக்கு, லேப்டாப்புக்கு, அதைத் தொடும் கைக்கு வந்துவிடும் அபாயம் இருக்கிறது. மின் வயருக்கு ஒட்டியே நீண்ட தூரம் ஓடினால் டேட்டாவிலும் குறுக்கீடு வரலாம். தனிப் பைப், தனிப் பாதை. எங்காவது குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால், நேர் செங்குத்தாக வெட்டிப் போகலாம்.

உள்ளே பைப்பே இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, சுவரோரமாக வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் அடித்து அதற்குள் விடுவது. வாடகை வீட்டுக்கு இதுதான் தோது. பார்க்கச் சுமார்தான், ஆனால் வீட்டு ஓனரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்காது. இன்னொன்று, வெளிச்சுவர் வழியாக மாடிக்கு ஏற்றுவது. அதற்கு வெயிலைத் தாங்கும் கருப்பு உறை போட்ட 'அவுட்டோர்' கேபிள் வேண்டும். வீட்டுக்குள் போடும் சாதாரண கேபிளின் உறை வெயிலில் நாளடைவில் வெடிக்கத் தொடங்கும். வயர் சுவருக்குள் நுழையும் இடத்தில், துளைக்குக் கீழே ஒரு தொங்கலாக இறக்கி, பிறகு மேலேற்றி உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணி வயரைப் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்துவிடும். துளையே உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாக இருந்தால் இன்னும் நல்லது.

பக்கத்து மனையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு, பின்கட்டில் தனியாக இருக்கும் போர்ஷனுக்கு என்று திறந்தவெளியில் செப்பு வயரை இழுப்பதைத் தவிர்ப்பது நல்லது. அருகே எங்காவது மின்னல் விழுந்தாலே அந்த வயரில் மின் அதிர்ச்சி பாய்ந்து இரண்டு பக்கக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும்போது ஃபைபர் கேபிளும் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும்தான் பொருத்தம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் பத்து நிமிடப் பேச்சு. தளம் போடும் முன், பூச்சு வேலைக்கு முன், மோடம் வரும் இடத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வெறும் பைப்பை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போட்டுவிட்டால் போதும். உள்ளே வயரைக்கூட இப்போது விட வேண்டியதில்லை, இழுப்பதற்கு ஒரு நைலான் கயிறு இருந்தால் சரி. ஏ.சி.க்கும் கெய்சருக்கும் பாயின்ட் குறிக்கும் நாளில் இதையும் குறித்துவிட வேண்டும்.

கடையில் என்ன கேட்பது?

'கேட் 6' கேபிள். வீட்டுக்கு இது தாராளம். 'கேட் 5இ' கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும். கேட் 6 அதே 100 மீட்டருக்கு 1 ஜிகாபிட்டும், 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டும் தாங்கும். எந்த வீட்டிலும் கேபிள் அந்த நீளத்தை எட்டாது. 'கேட் 7', 'கேட் 8' என்று பளபளப்பாக விற்பதற்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகத்தை. விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல 'சிசிஏ' வகை. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செப்புப் பூச்சு. இது கேட் 6 தரத்துக்கு உட்பட்டதே அல்ல, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மின்தடை கூடுதல், இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். சுவருக்குள் போன பிறகு ஒடிந்தால் யாரைக் கேட்பது? கம்பியின் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்: உள்ளேயும் செம்பு நிறமே தெரிந்தால் அசல் செம்பு, வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர் கம்ப்யூட்டர் கடையானாலும், 305 மீட்டர் பெட்டியிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டும் முன் சுரண்டிப் பார்க்கக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. 20 மீட்டர் நல்ல செப்புக் கேபிள் சில நூறு ரூபாய்தான், இன்னொரு மெஷ் யூனிட்டின் விலைக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

மெஷ் யூனிட்டையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்லா மெஷ்ஷிலும் லேன் போர்ட் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2019-ல் வந்த கூகுள் நெஸ்ட் வைஃபையின் துணை யூனிட்டில் போர்ட்டே கிடையாது, அதற்கு வயர் கொடுக்க வழியே இல்லை. வேறு சிலவற்றில் போர்ட் இருக்கும், ஆனால் 100 மெகாபிட்தான். டிபி-லிங்க்கின் டெக்கோ இ4 அப்படி, அதே வரிசையில் எம்4-இல் ஜிகாபிட் போர்ட். 300 மெகாபிட் பிளான் போட்டவர் முதல் வகையை வாங்கி வயர் இழுத்தால், 100-க்கு மேல் போகவே போகாது. பெட்டியில் 'ஏசி 1200' என்று பெரிதாக எழுதியிருப்பது வைஃபையின் கணக்கு. போர்ட் வேகம் அதே பெட்டியில் ஏதோ மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

94-ல் நின்றால் 8 கம்பியை எண்ணுங்கள்

வயர் இழுத்து, கனெக்டர் அடித்து, சொருகியும் ஆயிற்று. ஸ்பீடு டெஸ்ட் 94-லேயே நிற்கிறது, என்ன செய்தாலும் 95-ஐத் தாண்டவில்லை. இந்த எண் ஒரு துப்பு. 100 மெகாபிட் லேன் இணைப்பில் கையில் கிடைக்கும் அதிகபட்ச வேகம் ஏறக்குறைய இதுதான். அதாவது எங்கோ ஓரிடத்தில் இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கிவிட்டது.

லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடி. 100 மெகாபிட்டுக்கு அதில் 2 ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு 4 ஜோடியும் வேண்டும். ஒரே ஒரு கம்பி கனெக்டரில் சரியாகப் படியாமல் போனாலும், இரு பக்கக் கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பலர் மாதக்கணக்கில் 300-க்குப் பணம் கட்டி 94-ஐ வாங்கிக்கொண்டிருப்பது இப்படித்தான்.

கனெக்டர் அடிக்கும்போது வழக்கமான வண்ண வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையிலும் இதே வரிசை. கம்பிகளின் முறுக்கை அரை இன்ச்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அந்த முறுக்குதான் குறுக்கீட்டைத் தடுக்கிறது. சின்ன லேன் டெஸ்டர் ஒன்று 1 முதல் 8 வரை விளக்குகளை வரிசையாக எரியவிட்டுக் காட்டும். வேலை செய்தவர் டெஸ்டர் போட்டுக் காட்டிய பிறகு காசு கொடுப்பது உத்தமம்.

வயரில் குறை இல்லையென்றால் மோடத்தைப் பார்க்க வேண்டும். சில ஃபைபர் மோடங்களில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட், மீதி எல்லாம் 100. மெயின் யூனிட்டை எந்தப் போர்ட்டில் சொருகியிருக்கிறோம் என்பதே வேகத்தைத் தீர்மானித்துவிடும்.

எதை எதோடு இணைப்பது?

வரிசை இதுதான்: மோடம், அடுத்து மெஷ்ஷின் மெயின் யூனிட், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். மோடத்தில் நான்கு ஓட்டை இருக்கிறதே என்று மெயின் யூனிட்டை ஒன்றிலும் மாடி யூனிட்டை இன்னொன்றிலும் சொருகுவது பரவலாக நடக்கும் தப்பு. மெயின் யூனிட் ரவுட்டராக வேலை செய்யும்போது, மாடி யூனிட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டி மோடத்தோடு நேராகப் பேசினால் வயரை பேக்ஹாலாக எடுத்துக்கொள்ளாது. மோடத்திலேயே எல்லாவற்றையும் சொருக வேண்டிய அமைப்பு என்றால், மெஷ் ஆப்பில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்'-க்கு மாற்ற வேண்டும். அப்போது ரவுட்டர் வேலையை மோடமே பார்த்துக்கொள்ளும். ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர் அடுக்கி நிற்பதால் ஆன்லைன் கேமுக்கும் சிசிடிவிக்கும் வரும் சில தகராறுகளும் இதில் தீரும். எப்படிச் செய்தாலும் மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது மெஷ்ஷுக்கே குறுக்கே பேசிக்கொண்டிருக்கும்.

இரண்டு மாடிகளுக்கு வயர் போக வேண்டும், மெயின் யூனிட்டில் ஒரு போர்ட்தான் மிச்சம் என்றால், 5 போர்ட் ஜிகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை அதில் மாட்டி, அங்கிருந்து பிரிக்கலாம். முதல் மாடி யூனிட்டின் இரண்டாவது போர்ட்டிலிருந்து இரண்டாம் மாடிக்கு வயர் விடுவதும் சரிதான். வைஃபையைப் போல இதில் வேகம் பாதியாகாது. ஆனால் நடுவில் இருக்கும் யூனிட் அணைந்தால் மேலே இருப்பதன் வயர் தொடர்பும் அறுந்துவிடும். ஒரே யூனிட்டிலிருந்து இரண்டு வயரை ஒரே சுவிட்ச்சில் மட்டும் சொருகிவிடக் கூடாது. டேட்டா வட்டமடித்து மொத்த நெட்வொர்க்கும் ஸ்தம்பிக்கலாம்.

பல மெஷ் செட்டுகளில், எல்லா யூனிட்டையும் முதலில் பக்கத்தில் வைத்து வயர் இல்லாமலே ஆப்பில் சேர்த்துவிட்டு, பிறகு அதனதன் இடத்துக்குக் கொண்டுபோய் வயரைச் சொருகுவது சுலபம். சில நிமிடங்களில் ஆப்பில் அந்த யூனிட்டின் இணைப்பு வைஃபையிலிருந்து 'ஈதர்நெட்' என்று மாறிக் காட்ட வேண்டும். மாறவில்லை என்றால் வயர் சும்மா தொங்குகிறது என்று அர்த்தம்.

மெஷ்ஷே வாங்காதவர்கள்?

மெஷ் விற்பவர்கள் சொல்லாத ஒரு விஷயம்: வயர் மாடிக்குப் போய்விட்டால், மெஷ்ஷின் அவசியமே பாதி குறைந்துவிடும். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் போதும். அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்வு செய்யலாம். இல்லையென்றால் 'டிஎச்சிபி'-யை அணைத்து, ஐபி முகவரியை மோடத்தோடு மோதாதபடி மாற்றி, வயரை 'வான்' போர்ட்டில் அல்லாமல் 'லேன்' போர்ட்டில் சொருக வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும். ஒரே குறை, போன் பேசிக்கொண்டே மாடியேறும்போது சில போன்கள் கீழ்வீட்டு சிக்னலைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே ரூமில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வயரே இழுக்க முடியாத வீடுகளுக்கு, மின் வயரிலேயே டேட்டாவை அனுப்பும் 'பவர்லைன் அடாப்டர்' இருக்கிறது. வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொரு ஃபேஸிலும் இருந்தால், அது நொண்டியடிக்கும் அல்லது வேலையே செய்யாது. திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குவது புத்திசாலித்தனம்.

கரண்ட் போகும் நேரத்தையும் யோசித்து வைக்க வேண்டும். மோடத்துக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நிறைய. வயர் போட்ட பிறகு மெயின் யூனிட், நெட்வொர்க் சுவிட்ச், மாடி யூனிட் எல்லாமே கரண்டில் ஓடுபவை. இவற்றில் எது அணைந்தாலும் மாடியில் மீட்டிங் நின்றுவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், இந்த நான்கும் சொருகியிருக்கும் பிளக் பாயின்ட்டுகள் இன்வெர்ட்டர் லைனில் வருகின்றனவா என்பதை, மெயினை ஒரு நிமிடம் இறக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.